நாற்சந்திச் சிலையும் நடுகல் துறையும்

1. தோற்றுவாய்

கோயிற் சிற்பம், செப்புத் திருமேனி, சுவரோவியம் ஆகியவற்றைப் பற்றித் தமிழில் ஆராய்ச்சி நூல்கள் பல எழுந்துள்ளன. ஆயின், ஊர் நடுவே கூரையின்றி நின்று, வழிப்போவார் அனைவர் கண்ணிலும் நாளும் படுகின்ற சிலைகளைக் கலைநோக்கில் ஆராய்ந்தார் மிகச் சிலரே. அச்சிலைகள் திறந்துவைக்கப்படும் நாளிலும், மாலை சூட்டப்படும் நாளிலும், ஊறு செய்யப்படும் நாளிலுமே பேசப்படுகின்றன. அப்பொழுதும் பேச்செல்லாம் சிலைக்கு உரியவரைப் பற்றியதேயன்றிச் சிலையைப் பற்றியதன்று.

திண்டிவனம், சென்னையினின்று தெற்கே செல்லும் பெருவழியினின்று புதுவைக்கும் செஞ்சிக்கும் வழிகள் பிரியும் ஊர். விழுப்புரம், இருப்புப் பாதைகள் பல வந்து கூடும் ஊர். இரண்டும் வழிகள் கூடிப் பிரிதலாற் சிறந்தவை. தமிழகத்துப் பிற ஊர்களிற் போலவே இங்கும் சந்திகளில் தலைவர் சிலைகள் நிற்கின்றன. இவற்றை எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினா. மேனாட்டுச் சிற்ப நூல்களினின்று அவ்வளவுகோலைக் கடன் பெறவேண்டுவதில்லை. நம் பொருளிலக்கணத்திலேயே அஃது உள்ளது. அதனைக் கொண்டு நோக்கின் இக்காலச் சிலைகளின் குறையும் நிறைவும் தெளிவாகப் புலப்படும் என்பது நம் கருத்து. இதனை நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நடுகல் துறைகளின் முறைவைப்பு

தொல்காப்பியப் புறத்திணையியல், நடுகல் பற்றிய துறைகளை வெட்சித்திணையில் வைத்துக் கூறுகின்றது. அவை காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறாகும். இவ்வாறனுள் கல்லை நடுதல் நான்காவதாக நிற்றலை நாம் உற்றுநோக்க வேண்டும். தக்க கல்லைத் தேடிக் காண்டலும், அதனைக் கொள்ளத் தொடங்குதலும், நீராட்டுதலும் நடுதற்கு முன் நிகழ்வன. சிறப்புச் செய்தலும் வாழ்த்துதலும் நட்டபின் நிகழ்வன. எனவே, கல் நிற்பது ஒரு நீண்ட செயலின் இடைநிலையே. அதுவே முதலுமன்று, முடிவுமன்று. தேடியவர், கொணர்ந்தவர், நட்டவர், வழிபட்டவர் ஆகிய அனைவரும் அப்படைப்பிற்கு உரியவராகின்றனர்.

புறப்பொருள் வெண்பாமாலை இத்துறைகளைப் பொதுவியற் படலத்தில் வைக்கின்றது. கற்காண்டலில் தொடங்கி வரும் அத்துறைகளின் இறுதியில் 'இற்கொண்டு புகுதல்' என ஒன்று உண்டு. நட்ட கல்லுக்குக் கோயில் எடுத்தல் அதன் பொருள். தொல்காப்பியத்தின் ஆறனுள் இப்பெயர் இல்லை. வெளியில் நின்ற கல் காலப்போக்கில் இல்லம் பெறுகின்றது என்னும் வரலாற்றை இவ்வேறுபாடு காட்டுவதாகக் கொள்ளலாம். இத்துறை பின்னர் நமக்குப் பெரிதும் பயன்படும்.

சிலப்பதிகாரத்து வஞ்சிக்காண்டம் இம்முறையையே காதைப் பெயர்களாகக் கொண்டுள்ளமையை அனைவரும் அறிவர். கண்ணகிக்குக் கல் எங்கு எடுப்பது என்னும் வினா அங்கு எழுகின்றது. பொதியிற் கல்லாயின் காவிரியிலும் இமயக் கல்லாயின் கங்கையிலும் நீர்ப்படுத்தலாம் எனச் சான்றோர் கூறச் செங்குட்டுவன் இமயத்தைத் தேர்கின்றான். உருவம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதைக் காட்டிலும், கல் எங்கிருந்து வருதல் வேண்டும், எந்நீர் ஆடுதல் வேண்டும் என்பதிலேயே காப்பியம் கருத்தைச் செலுத்துகின்றது. கல்லின் பொருள் அதன் வடிவத்தில் மட்டும் அடங்குவதன்று என்பது இதனாற் பெறப்படும்.

இனிக் காண்போர் நிலையை நோக்குவோம். மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனை நோக்கிக் கூத்தரை ஆற்றுப்படுத்துவது. செங்கண்மா என்பது இன்றைய செங்கம். செஞ்சிக்கு மேற்கே திருவண்ணாமலைக்கு அப்பால் உள்ளது. எனவே அப்பாட்டுக் கூறும் நாடு நம் ஆய்வுக்குரிய நிலத்தின் அண்டை நாடேயாகும். அந்நாட்டிற் கவர்த்த வழிகள் தோறும் பெயரொடு நட்ட கற்கள் மிகப் பல உள என்று அப்பாட்டு வழிச்செல்வோர்க்குக் கூறுகின்றது. அகநானூற்றுப் பாலைப் பாடல்களிலும், சுரத்திடைச் செல்வோர் நடுகல்லின் தேய்ந்த எழுத்தைக் கண்டு செல்லும் காட்சி உண்டு. ஆகவே வழி பிரியுமிடத்திற் கல் நடுதலும், அதிற் பெயர் பொறித்தலும், வழிப்போக்கன் அதனைப் படித்தலும் பழந்தமிழ் வழக்கே. நாற்சந்திச் சிலை நமக்குப் புதிதன்று. செங்கம் வட்டாரத்திற் கிடைத்த கற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972ஆம் ஆண்டில் 'செங்கம் நடுகற்கள்' என்னும் பெயரில் வெளியிட்டது. இலக்கியச் செய்தி கற்பனையன்று என்பதற்கு அந்நூலே போதிய சான்றாகும்.

இதுகாறும் கூறியவற்றால் நான்கு அளவைகள் கிடைக்கின்றன. ஒன்று, இடத்திற்கும் பொருளுக்கும் உள்ள இயைபு. இரண்டு, வழிச்செல்வான் நோக்கிற்கு அமைந்த காட்சி. மூன்று, எழுத்து. நான்கு, ஊரார் தொடர்ந்து பேணுதல். இவற்றைச் சுருக்கமாக இடம், நோக்கு, எழுத்து, பேணல் எனக் குறிப்போம்.

3. நடுநாட்டுப் பழஞ்சான்றுகள்

இவ்வளவைகள் ஏட்டளவில் நில்லாது கல்லிலும் பொருந்துமா என்று காண்டல் வேண்டும். இதற்கு விழுப்புரம் மாவட்டமே போதிய சான்று தருகின்றது.

உடையார்நத்தத்தில் பெருங்கற்காலத்துப் பலகைக்கல் ஒன்று நிற்கின்றது. மக்கள் அதனை விசிறிப்பாறை என்பர். தோள் விரிந்த மனித உருவை அது நினைவூட்டும். ஆயின் கண்ணும் மூக்கும் வாயும் அதிற் செதுக்கப்படவில்லை. இன்னார் எனக் கூறும் எழுத்தும் இல்லை. இருப்பினும் வெட்டவெளியில் அதன் புறக்கோடு ஒன்றே, நிற்பவர் ஒருவர் என்னும் உணர்வைத் தொலைவிலிருந்து வருவார்க்கு ஊட்டுகின்றது. வெளிச்சிலைக்கு முதற்கண் வேண்டுவது முகச்சாயலன்று, வானத்தின்முன் நிற்கும் வடிவமே என்னும் உண்மையை இக்கல் கற்பிக்கின்றது.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் பெரும்பாறை ஒன்றின் முகத்தில் தீர்த்தங்கரர் இருபத்துநால்வர், வரிசைக்குப் பன்னிருவராக இரு வரிசையில் அமர்ந்த கோலத்திற் செதுக்கப்பட்டுள்ளனர். மண்டபமும் திருச்சுற்றும் அங்கு இல்லை. ஒரே அளவும் ஒரே இருக்கையும் கொண்ட இருபத்துநான்கு உருவங்கள் சலிப்பூட்டுதல் கூடும். ஆயின் இங்கு அவ்வாறில்லை. திரண்ட பாறையின் ஒழுங்கின்மை, உருவங்களின் ஒழுங்கை எடுத்துக்காட்டுகின்றது. உருவங்களின் அமைதி பாறையின் பெருமையைக் காட்டுகின்றது. இவ்வுருவங்களைப் பெயர்த்து ஒரு கூடத்தில் வைப்பின் எஞ்சுவது பட்டியலே. அக்குன்றிலேயே ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரையும், முப்பது நாள் நோற்று உயிர்நீத்த இளையபட்டாரரையும் குறிக்கும் கல்வெட்டுகள் உள்ளன. நாளின் எண்ணிக்கையும் பெயருமே அங்குக் கூறப்படுகின்றன, புகழுரை இல்லை. அச்சுருக்கமே படிப்பவனைச் சற்று நிற்கச் செய்கின்றது. எழுத்து என்னும் அளவைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டைக் காட்டல் அரிது.

விழுப்புரத்தினின்று செஞ்சி செல்லும் வழியில் உள்ள மண்டகப்பட்டுக் குடைவரை, கோயிலாயினும் நம் ஆய்வுக்கு ஒருவகையில் உதவும். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி அயன், அரன், அரி ஆகிய மூவர்க்கும் எடுத்த கோயில் என்று விசித்திரசித்தன் ஆகிய முதலாம் மகேந்திரவர்மன் அங்கு வடமொழியில் எழுதிவைத்தான். தான் எப்பொருளாற் செய்தான் என்பதையே அவன் சிறப்பாகக் கூறுகின்றான். பொருளைத் தேர்தல் படைப்பின் பகுதி என்னும் கால்கோள் உணர்வே அக்கல்வெட்டில் ஒலிக்கின்றது. அக்குடைவரையின் இருமருங்கும் நிற்கும் வாயிற்காவலர், உள்ளே வருமுன்னரே வருவானை எதிர்நோக்கி நிற்றலும் கருதத்தக்கது.

திண்டிவனத்தை அடுத்த மேற்சித்தாமூரில் வேறொரு பாடம் கிடைக்கின்றது. அங்கு மலைநாதர் கோயிலில், பாறையிற் செதுக்கப்பட்ட பார்சுவநாதர், பாகுபலி முதலியோர் உருவங்கள் உள்ளன. பாறைச் சிற்பமாகத் தோன்றியது இன்று கோயிலினுள் அமைந்துள்ளது. இதுவே இற்கொண்டு புகுதல். இதனால் சிற்பம் வெயிலினும் மழையினும் காக்கப்பட்டது, வழிபாடும் தொடர்ந்தது. ஆயின் பாறை தன் வெளியை இழந்தது. காத்தலும் இழத்தலும் ஒருங்கே நிகழும் என்பதை நாம் மறத்தலாகாது.

பேணல் என்னும் அளவைக்கு ஊர்ப்புறத்து ஐயனார் கோயிற் குதிரைகள் சான்றாகும். செங்கல்லும் சுதையும் கொண்டு ஆக்கப்படும் இவை, சிதைவுற்ற காலத்து மீண்டும் பூசப்பெற்று வண்ணம் தீட்டப்பெறுகின்றன. பழைமையைச் சிதையாது காக்கும் தொல்பொருள் நோக்கிற்கு இது குறையாகத் தோன்றலாம். வெளிச்சிலையின் நோக்கிலோ இது நிறைவேயாகும். ஊரார் கைபடும் அளவும் அச்சிலை உயிரோடிருக்கின்றது.

4. இக்காலச் சந்திச் சிலைகள்

இனி நாற்சந்திக்கு மீள்வோம். தலைவர் சிலைகள் பெரும்பாலும் சில குறியீடுகளால் அறியப்படுகின்றன. நீட்டிய சுட்டுவிரலும் கையிற் புத்தகமும் அம்பேத்கரைக் குறிக்கும். உயர்த்திய ஒருவிரல் அண்ணாவைக் குறிக்கும். கைத்தடியும் முன்வைத்த அடியும் காந்தியடிகளைக் குறிக்கும். இவ்வாறு குறியால் உணர்த்துதலைக் குறை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. சங்கும் ஆழியும் கண்டு திருமாலை அறியும் மரபில் வந்தவர் நாம். எழுதப் படிக்க அறியாதாரும் அறியும்வண்ணம் ஒரு குறிமொழியை இச்சிலைகள் அரை நூற்றாண்டிற்குள் உருவாக்கியமை பெருஞ்செயலே.

குறை வேறிடத்தில் உள்ளது. ஒரே அச்சில் வார்த்த உருவம் எல்லா ஊர்க்கும் செல்கின்றது. ஆதலின் காட்சி, கால்கோள் என்னும் முதல் இரு துறைகளும் நிகழ்வதில்லை. நீட்டிய விரல் எத்திசையைச் சுட்டுகின்றது என்பது, பெரும்பாலும் பீடத்திற்குக் கிடைத்த இடத்தைப் பொறுத்து அமைகின்றதேயன்றிச் சிற்பியின் கருத்தால் அமைவதில்லை. பீடத்தின் உயரமும் ஆராயத்தக்கது. பிரான்சு நாட்டுச் சிற்பி ரோதன், கலே நகரத்தார் அறுவரின் உருவங்களை மக்களோடு மக்களாய்த் தாழ்ந்த நிலையில் நிறுத்த விரும்பினார். 1895இல் அவை உயர்ந்த பீடத்தின்மேல் வைக்கப்பட்டன; 1924இல்தான் நகரமன்றத்தின்முன் தாழ்ந்த தளத்தில் நிறுத்தப்பட்டன. வேந்தனுக்கு உரிய உயரத்தை மக்கள் தலைவனுக்கு அளிக்கும்போது அவன் முகம் வழிச்செல்வான் கண்ணினின்று அகன்று விடுகின்றது. பெருமைப்படுத்த எண்ணிச் செய்த செயலே நோக்கிற்குத் தடையாகின்றது.

எழுத்து என்னும் அளவையில் வீழ்ச்சி இன்னும் மிகுதி. நடுகல்லில் மாய்ந்தவன் பெயரும் செயலும் இடம்பெற்றன. இன்றைய பீடக் கல்லிலோ திறந்துவைத்தவர், தலைமை தாங்கினவர், முன்னிலை வகித்தவர் ஆகியோர் பெயர்கள் நிரம்பிக் கிடத்தலைப் பலவிடத்தும் காண்கின்றோம். சிற்பியின் பெயரோ காண்டற்கு அரிது. சிலைக்கு உரியவர் அவ்வூர்க்கு என் செய்தார் என்னும் ஒரு வரியைத் தேடினும் கிடைப்பதில்லை.

எல்லாவற்றினும் நம்மை வருத்துவது இரும்புக் கூண்டு. தமிழகத்தின் பல ஊர்களில், சிறப்பாக அம்பேத்கர் சிலைகள், நாற்புறமும் கம்பிவலையிட்டு அடைக்கப்பட்டுள்ளன. கலைநோக்கில் இஃது ஒரு சிதைவு. கம்பியினூடே தோன்றும் முகம் முழுமையாகாது. ஆயின் இதனைச் சிற்பியின் பிழையாகவோ அரசின் அழகுணர்வுக் குறைவாகவோ மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. சிலைக்கு ஊறு செய்தலும், அதனைத் தொடர்ந்து ஊரில் சாதிப்பூசல் மூளுதலும் நிகழ்ந்தமையாலேயே கூண்டு எழுந்தது. வழிச்செல்வான் அனைவரும் அச்சிலையை ஒரேவகையாகப் படிக்கவில்லை என்பதற்குக் கூண்டே சான்று. சமன்மையைப் போதித்தவரின் உருவத்தைச் சிறையிற்போல் நிறுத்த நேர்ந்த குற்றம் காண்போராகிய நம்முடையது. இக்கூண்டும் ஒருவகை இற்கொண்டு புகுதலே. ஆனால் அன்பால் எடுத்த இல்லமன்று, அச்சத்தால் எடுத்த இல்லம்.

5. ஒரு தடையும் விடையும்

இவை அரசியற் குறிகளேயன்றிக் கலைப்படைப்புகள் அல்ல. ஆதலின் இவற்றைக் கலையளவையால் அளத்தல் பொருந்தாது எனச் சிலர் கூறலாம். நடுகல்லும் அன்றைய அரசியற் குறியே. நிரை கவர்ந்தும் மீட்டும் மாய்ந்தவனை வாழ்த்தும் கல், யார் பக்கம் நின்றது என்பதில் ஐயமில்லை. அதனால் அது கலையாகாது ஒழியவில்லை.

இக்காலத்தும் இரண்டும் இயைந்தமைக்குச் சென்னைக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை சான்று பகரும். தேவிபிரசாத் ராய் சௌத்திரி ஆக்கிய அப்படைப்பில் நால்வர் ஒரு பாறையைப் பெயர்க்க உடலை வளைத்து உந்துகின்றனர். இன்னார் என்னும் பெயர் அவர்க்கு இல்லை. அகன்ற மணற்பரப்பும் வானமும் அவ்வுந்துதலுக்குப் பின்னிலமாகின்றன. சாலையிற் செல்வான் எப்புறத்து நோக்கினும் நான்கு உடல்களின் விசை ஒரு கோட்டில் ஓடுதலை உணர்கின்றான். முன்னரே கூறிய இடமும் நோக்கும் இங்கு நிறைந்துள்ளன.

இடம் பெயர்த்தல் பொருளை மாற்றும் என்பதற்கும் சென்னையே சான்று. நீல் சிலையை அகற்றவேண்டி 1927இல் போராட்டம் நிகழ்ந்தது. 1937இல் அது சாலையினின்று அகற்றப்பட்டு அருங்காட்சியகம் சேர்ந்தது. வெற்றிக்குறியாய் நின்றது வரலாற்றுப் பொருளாயிற்று. உருவத்தில் ஓர் அணுவும் மாறவில்லை. பொருள் முழுதும் மாறியது. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் நிறுவப்பட்ட கண்ணகி சிலை, 2001 திசம்பரில் பெயர்த்தெடுக்கப்பட்டு 2006 சூனில் மீண்டும் நிறுவப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவ்வெற்றிடமே பேசியது எனலாம். நட்டபோது எழாத வினாக்கள் பெயர்த்தபோது எழுந்தன. அதனால் மீள நட்ட கல் முன்னைய கல்லாக இல்லை.

6. பூங்காவும் மண்டபமும்

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. 2013 சனவரி 18ஆம் நாள், பொதுச்சாலையிலும் நடைபாதையிலும் சிலை நிறுவ மாநில அரசுகள் இசைவளித்தல் கூடாது என உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2021 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம், பொது இடங்களில் உள்ள சிலைகளை அகற்றித் தலைவர்கள் பூங்கா ஒன்றமைத்து ஆங்கு வைத்துப் பேணுமாறு கூறியது. சென்னைக் கடற்கரைச் சாலையில் 2006இல் நிறுவப்பட்ட சிவாசி கணேசன் சிலை, 2017இல் அவர்தம் மணிமண்டபத்திற்கு மாற்றப்பட்டது. சாலையின் நெருக்கடியையும் மக்கள் உயிர்க்காப்பையும் கருதின் இவ்வாணைகளின் நேர்மையை மறுத்தற்கில்லை.

ஆயின் எல்லாச் சிலைகளையும் ஓரிடத்துத் தொகுத்தல், அவை அனைத்தும் இடத்தோடு தொடர்பற்றவை என்று கொள்வதாகும். சில அவ்வாறே உள்ளன. பெயர்த்து எங்கு வைப்பினும் குறைவுறாத சிலை, அச்சந்திக்கு உரியதாய் என்றும் இருந்ததில்லை. அதனைப் பூங்காவிற்கு அனுப்புதலால் கலைக்கு இழப்பில்லை. பெயர்த்தால் குறைவுறும் சிலையோ அவ்விடத்தின் உறுப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிதல் நீதிமன்றத்தின் பணியன்று, நெடுஞ்சாலைத்துறையின் பணியுமன்று, திறனாய்வாளரின் பணியாகும். அப்பணியை நாம் செய்யாமையால் சிலைகள் அனைத்தும் போக்குவரத்திற்குத் தடை என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கிவிட்டன.

விழுப்புரத்தில் அண்மையில் எழுந்த நினைவகத்தையும் இந்நோக்கிற் காணலாம். 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு வேண்டி நிகழ்ந்த சாலைமறியற் போராட்டத்தில் உயிரிழந்த 21 பேர்க்கு, விழுப்புரத்தை அடுத்த வழுதரெட்டியில் மணிமண்டபம் எழுப்பப்பட்டு 2025 சனவரியில் திறக்கப்பட்டது. முன்னாள் அமைச்சர் ஏ. கோவிந்தசாமிக்கும் அங்கு நினைவரங்கம் அமைந்தது. வேந்தர்க்கும் பெருந்தலைவர்க்குமே நினைவுக்குறி என்றில்லாமல், போராட்டத்தில் மாய்ந்த எளியோரையும் பெயரோடு நினைக்கும் நடுகல் மரபு மீள்வதை இதிற் காண்கின்றோம், இது போற்றத்தக்கது. அதே வேளையில் மண்டபம் என்னும் வடிவத்தைப் பற்றி ஒன்று கூறவேண்டும். மண்டபத்திற்குப் புகுவோர் அவர்களை முன்னரே அறிந்து வருவோர். அறியாது வருவானை வழியில் நிறுத்துவது நடுகல். மாய்ந்தோர் மாய்ந்தது சாலைப் போராட்டத்தில். அவர்தம் பெயரும் ஊரும் நாளும் கொண்ட ஒரு தாழ்ந்த கல் சாலையருகே நிற்குமாயின், திருநாதர்குன்றின் சுருங்கிய எழுத்துச் செய்யும் பணியை அது செய்யும். இற்கொண்டு புகுதல் பின்னர் வரற்பாலது. காட்சி அதற்கு முன்னர் வரற்பாலது. இன்று நாம் ஏனைய துறைகளைக் கடந்து நேரே இல்லத்திற்குள் புகுந்து விடுகின்றோம்.

7. முடிவுரை

நடுகல் துறைகள், கல் நடுதலை ஊரார் பலரும் கூடிச் செய்யும் நெடுஞ்செயலின் நடுவில் வைக்கின்றன. அதனின்று இடம், நோக்கு, எழுத்து, பேணல் என்னும் நான்கு அளவைகளைப் பெற்றோம். நடுநாட்டுப் பழஞ்சிற்பங்கள் இவற்றுள் ஒன்றிலேனும் சிறந்து நிற்கின்றன. இக்காலச் சந்திச் சிலைகள் குறிமொழியிற் சிறந்தும், இடத்திலும் எழுத்திலும் தாழ்ந்தும் நிற்கின்றன. கூண்டும் பூங்காவும் மண்டபமும் இற்கொண்டு புகுதலின் வெவ்வேறு வடிவங்கள் என்பதும், அவற்றுள் எது அன்பால் எழுந்தது, எது அச்சத்தால் எழுந்தது என ஆராய்தல் வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

இத்துறையிற் செய்ய வேண்டுவன பல. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உள்ள ஒவ்வொரு சிலையையும், ஆக்கிய சிற்பி, ஆக்கப்பொருள், நிறுவிய ஆண்டு, நோக்கும் திசை, பீடத்தின் உயரம், பொறித்த எழுத்து, பேணுவோர் ஆகிய செய்திகளோடு பதிவு செய்தல் முதற்பணி. முதுகலை மாணவர் இருவர் ஒரு கோடைவிடுமுறையில் இதனை முடித்தல் கூடும். செங்கத்துக் கற்களைத் தேடித் தொகுத்தவர் கொண்ட பொறுமை நமக்கும் வாய்ப்பின், நாற்சந்திச் சிலையும் ஒருநாள் தன் உரையாசிரியரைப் பெறும். அதுகாறும் அவற்றை நாம் கடந்து செல்கின்றோமேயன்றிக் காண்கின்றோமில்லை. காட்சியே முதற்றுறை என்று தொல்காப்பியர் வைத்தமை ஈண்டு நினையத்தக்கது.